கண்ணுக்குத் தெரியும் வேறுபாடும் கர்னலுக்குத் தெரியும் வேறுபாடும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெயர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கண நூற்பாக்களைக் கணினி நிரலின் விதிகளோடு ஒப்பிட்டுப் பேசுவது தமிழாய்வில் வழக்கமாகியுள்ளது. லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னலில் கோப்புப்பெயர் பற்றிய விதிகள் வகுக்கப்பட்டுள்ள முறையையும் அவை செயற்படும் முறையையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் இரண்டைக் கொண்டு சோதித்து, அவ்வொப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே முறிகிறது என்பதை இக்கட்டுரை காண்கிறது. கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு ஒன்றைக் கர்னல் அறியாதிருப்பதும், கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு ஒன்றை அது முழு வேறுபாடாகக் கொள்வதும் மின்னாவணங்களைத் தேடுவோர்க்கு நேரும் இடர்களோடு சேர்த்து விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கர்னல், கோப்புப்பெயர், ஒருங்குறி, இயல்பாக்கம், புறனடை, ஊர்ப்பெயர்

ஒப்புமையும் அதன் எல்லையும்

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான் உண்டு. இரண்டும் விருதுநகர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்கள்; ஒரே இருப்புப்பாதையில் அமைந்தவை. பெயரை எழுதும் முறையில் மட்டும் இரண்டும் இலக்கணத்திற்கு வெவ்வேறு வகையில் தொல்லை தருகின்றன. முன்னது தமிழில் மொழிமுதலாகாத ரகரத்தில் தொடங்கி, நடுவில் ஜகரத்தையும் தாங்கி நிற்கிறது. பின்னது கிரந்தக் கூட்டெழுத்தாகிய ‘ஸ்ரீ’ என்பதில் தொடங்குகிறது. இலக்கண மரபு இவ்விரண்டிற்கும் விடை வைத்திருக்கிறது. வடசொல்லைத் தமிழ் எழுத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளத் தொல்காப்பியம் எச்சவியலில் இடமளிக்கிறது. ரகரத்தில் தொடங்கும் பிறமொழிச் சொற்களின் முன் அகர, இகர, உகரக் குறில்களுள் ஒன்று வந்து சேரும் என்பது நன்னூல் பதவியலில் கூறப்படுகிறது. ஆகவே ராஜபாளையம் ‘இராஜபாளையம்’ ஆகும். ஜகரமும் திரிந்தால் ‘இராசபாளையம்’ ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ‘திருவில்லிபுத்தூர்’ ஆகும். ஐந்து எழுத்துவடிவங்களும் இன்றும் வழங்குகின்றன. ஒரே பேருந்து நிலையத்தில் இரண்டு வடிவங்களைப் பார்ப்பது அரிதன்று.

இத்தகைய விதிகளைக் கண்டவர்கள் இலக்கண நூற்பாக்களைக் கணினி நிரலுக்கு ஒப்பிடுவது இயல்பே. இவ்வொப்புமை தமிழில் தோன்றியதன்று. நிரல்மொழிகளின் தொடரமைப்பை எழுதப் பயன்படும் பாக்கஸ் குறியீட்டு முறையைப் பாணினியின் பெயரோடு சேர்த்து வழங்கலாம் என்று இங்கர்மன் 1967இல் ஒரு சிறு கடிதத்தில் முன்மொழிந்தார். அதன்பின் பாணினியின் இடத்தில் தொல்காப்பியரை வைத்துப் பேசுவது எளிதாயிற்று. நூற்பா சுருக்கமானது, நிரலும் சுருக்கமானது. நூற்பாவில் நிபந்தனையும் விளைவும் உண்டு, நிரலிலும் உண்டு. எனவே தொல்காப்பியம் ஒரு நிரல் என்று முடிவு கட்டப்படுகிறது. இவ்வாறு ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒப்பிடப்படும் இரண்டு பொருள்களுள் ஒன்றை மட்டுமே திறந்து பார்க்கின்றனர் என்பதே குறை. நூற்பா மேற்கோளாக வருகிறது. நிரல் வெறும் சொல்லாக நிற்கிறது. எந்த நிரல், அதில் எந்த விதி, அவ்விதியை வகுத்தவர் யார், அது மாறினால் என்ன நேரும் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாக்களை எழுப்பத் தகுந்த இடம் இயங்குதளத்தின் கர்னல். வன்பொருளுக்கும் பயனர் நிரல்களுக்கும் நடுவே நின்று நினைவகம், செயலி, கோப்புகள் ஆகியவற்றைப் பங்கிட்டுத் தரும் உட்கரு அது. ஒரு சொல்செயலியில் தவறான விதி இருந்தால் வேறொரு சொல்செயலியை நாடலாம். கர்னலின் விதிக்கு அவ்வாறு மாற்றுவழி இல்லை. அதன்மேல் இயங்கும் ஒவ்வொரு நிரலும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னலின் மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்துள்ளமையாலும், ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் இயங்குவது அதுவே ஆகையாலும் இங்கே அது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பைட்டே எழுத்து

கோப்பு ஒன்றுக்கு எப்பெயர் இடலாம் என்பது பற்றி லினக்ஸ் கர்னலின் அடிப்படை விதிகள் வியப்பூட்டும் அளவிற்குக் குறைவானவை. பெயர் என்பது பைட்டுகளின் தொடர். அதில் 0 என்னும் மதிப்புள்ள பைட்டு வரலாகாது. அது பெயர் முடிந்தது என்பதற்கான அடையாளம். 47 என்னும் மதிப்புள்ள பைட்டும் வரலாகாது. அது சாய்கோடு, ஒரு கோப்பகத்தின் பெயரை அடுத்ததிலிருந்து பிரிப்பது. ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் தனித்துப் பெயராகா. நீளம் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் 255 பைட்டுகளுக்கு மிகலாகாது. இவ்வளவே. எந்த மொழி, எந்த எழுத்து, மொழிமுதலாகுமா ஆகாதா என்பவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த அறியாமைதான் தமிழைக் காப்பாற்றியது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எந்தக் குறியும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடைய பைட்டுகளால் மட்டுமே எழுதப்படுகிறது. எனவே தமிழ்ப்பெயர் எதிலும் தற்செயலாக 0 அல்லது 47 தோன்ற வழியில்லை. தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாத கர்னல் தமிழ்ப்பெயரைப் பிழையின்றிச் சுமந்து செல்கிறது. அதனால் அதைக் காட்டத்தான் இயலாது: லினக்ஸின் வெறும் எழுத்துமுனையம் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களையே தாங்கும், ஒற்றைக்கொம்பை எழுத்திற்கு முன்னே நகர்த்தும் திறனும் அதற்கில்லை. வரைகலைத் திரையில் தமிழை வரைவது கர்னலுக்கு மேலே உள்ள வேறு நிரல்களின் வேலை.

ஒப்புமையின் முதல் விரிசல் இங்கே தோன்றுகிறது. தொல்காப்பியர்க்கு எழுத்து ஒலியாலும் மாத்திரையாலும் வரையறுக்கப்படுவது. முதலெழுத்து முப்பதும் சார்பெழுத்து மூன்றுமாக எண்ணப்படுவது. அவ்வெண்ணிக்கையில் ராஜபாளையம் ஆறெழுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்பதெழுத்து. ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியெண்கள் பெறுவதால் முன்னது பத்துக் குறியாகவும் பின்னது பதினெட்டுக் குறியாகவும் விரிகிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே கர்னலின் கண்ணில் ராஜபாளையம் 30 பைட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் 54 பைட்டு.

இது வெறும் எண்விளையாட்டன்று. 255 பைட்டு எல்லை என்பது தமிழில் 85 குறிகள். ‘விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பெயர்களின் எழுத்து வழக்கு’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டு அதையே கோப்பின் பெயராகவும் வைத்தால், இடைவெளிகளையும் சேர்த்து 238 பைட்டுகள் ஆகின்றன, கர்னல் ஏற்கும். வழக்கம்போல இறுதியில் ‘ஓர் ஆய்வு’ என்று சேர்த்தால் 264 ஆகிவிடும், கர்னல் மறுக்கும். (தமிழ் ஆய்வேட்டுத் தலைப்புகளிலிருந்து அத்தொடரை நீக்க வேண்டும் என்று பலர் கூறிவந்துள்ளனர், கர்னல் வேறொரு காரணத்திற்காக அவர்கள் பக்கம் நிற்கிறது.) விண்டோஸின் கோப்பு முறைமையோ 16 பிட்டு அலகுகளில் 255 வரை எண்ணுகிறது, அங்கே ‘ஓர் ஆய்வு’ சேர்ந்த அத்தலைப்பு 94 அலகுகள்தான். எனவே விண்டோஸ் கணினியில் குறையின்றி இருந்த கோப்பு லினக்ஸ் சேவையகத்திற்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும். ஒரே கருத்தை ஆங்கிலத்தில் தலைப்பாக இட்டவர்க்கு இத்தடை வருவதில்லை. விதி எல்லா மொழிக்கும் பொதுவானது. அதன் சுமை பொதுவானதன்று.

ஒரு கோதை, இரு பெயர்

கர்னல் பைட்டுகளை மட்டுமே அறியும் என்பதன் அடுத்த விளைவு சமன்பாடு பற்றியது. இரண்டு பெயர்கள் ஒன்றா, வேறா? கர்னலின் அடிப்படை விதி தெளிவானது: எல்லாப் பைட்டுகளும் ஒத்தால் ஒன்று, ஒரு பைட்டு மாறினாலும் வேறு.

ஆண்டாளின் பெயராகிய ‘கோதை’ என்பதை ஒருங்குறியில் இரண்டு வகையில் எழுதலாம். ககரத்தை அடுத்து ஓகார உயிர்க்குறியை ஒற்றைக் குறியாக, அதாவது 3019 என்னும் குறியெண்ணாக இடுவது ஒரு வகை. ஏகாரக் குறியாகிய 3015ஐயும் கால் ஆகிய 3006ஐயும் அடுத்தடுத்து இடுவது மற்றொரு வகை. முதலாவது 12 பைட்டு. இரண்டாவது 15 பைட்டு. திரையில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் ‘பால்கோவா’ பற்றிய கோப்பு ஒன்றை இருவர் இருவகையில் பெயரிட்டு ஒரே கோப்பகத்தில் வைத்தால், ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் அருகருகே இருப்பதுபோல் தோன்றும். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கொம்பும் காலும் தனித்தனியே தட்டச்சிடப்பட்டமையால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் கவனமின்றி எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் வகை எளிதில் தோன்றிவிடும்.

இவ்விரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி தன் தரவுகளில் அறிவித்துள்ளது. தமிழுக்கு இத்தகைய அறிவிப்புகள் நான்குதான்: ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகள் மூன்று; தனி உயிராகிய ஔ ஒன்று. இவ்வாறு சமமானவற்றை ஒரே வடிவிற்குக் கொண்டுவருவதே இயல்பாக்கம். கர்னல் இதை நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 2019 ஜூலையில் வெளிவந்த லினக்ஸ் 5.2இல், கேப்ரியல் கிரிஸ்மன் பெர்டாசி எழுதிய நிரற்பகுதி வழியாக, இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயர்களை ஒருங்குறி முறைப்படி ஒப்பிடும் வசதி சேர்ந்தது. அது தமிழுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. தமிழில் அவ்வெழுத்து வேறுபாடு இல்லை. ஆனால் அப்பணியின் முன்படியாக இயல்பாக்கமும் நடைபெறுவதால் கோதைக்கும் பால்கோவாவிற்கும் தற்செயலாக நன்மை விளைந்தது. ஆண்ட்ராய்டு 11இற்குப் பின்வந்த புதிய கைபேசிகளின் பகிர்வுச் சேமிப்பகத்தில் எஃப்2எஃப்எஸ் கோப்பு முறைமை வழியாக இவ்வசதி பயன்படுகிறது. மேசைக்கணினிகளில் இது தானாக இயங்குவதில்லை. கோப்பு முறைமையில் முதலில் இடமளித்து, பின்னர்க் கோப்பகம் வெறுமையாக இருக்கும்போதே அதற்கென இயக்கிவைக்க வேண்டும். எனவே ஒருவரது கைபேசியில் ஒன்றாக இருக்கும் இரண்டு கோதைகள் அவரது மேசைக்கணினியில் இருவராகிவிடலாம்.

இங்கே விதி எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது. கர்னலில் ‘ஏகாரக் குறியும் காலும் சேர்ந்தால் ஓகாரக் குறி’ என்று நூற்பா போன்ற வாக்கியம் எங்கும் இல்லை. ஒருங்குறிக் கூட்டமைப்பின் 12.1 பதிப்புத் தரவுக் கோப்புகளிலிருந்து முன்கூட்டியே உருவாக்கப்பட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. குறியெண்ணைக் கொடுத்தால் அதன் பிரிந்த வடிவத்தை அது தரும். பல்லாயிரம் பதிவுகளுள் தமிழுக்குரியவை நான்கு. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதியோ இந்திய அரசின் இஸ்கி குறியாக்கத்தை அடியொற்றியது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நன்னூல் பகுக்கிறது. அவ்வகையில் கர்னல் முதல்நூலன்று. வழிநூல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனெனில் வழிநூலாசிரியர்க்குத் தாம் வேண்டும் வேறுபாட்டைச் சேர்க்கும் உரிமை உண்டு. கர்னலின் அட்டவணைக்கு அவ்வுரிமையும் இல்லை. தொல்காப்பியத்தை நிரலோடு ஒப்பிடுவோர் நிரலை ஓர் ஆசிரியரின் படைப்பாகக் கற்பனை செய்கின்றனர். உண்மையில் அது கைமாறிக் கைமாறி வந்த படி. ஏடு பெயர்த்து எழுதுவோரின் உலகிற்கே அது நெருக்கமானது.

அந்த உலகத்தின் சொற்களால் பேசினால் கர்னலின் ஒரு முடிவு எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். ஆப்பிள் நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை, பயனர் தந்த பெயரைப் பிரிந்த வடிவிற்கு மாற்றியே வட்டில் எழுதியது. கோதையை 12 பைட்டுகளில் கொடுத்தவர்க்கு 15 பைட்டுகளில் திரும்பக் கிடைத்தது. இது, படியெடுக்கும்போதே திருத்தி எழுதிவிடும் ஏடெழுதுநரின் செயல். மூலத்தில் என்ன இருந்தது என்பது பின்னர் வருவோர்க்குத் தெரியாது. லினக்ஸ் 5.2இன் வசதி அவ்வாறு செய்வதில்லை. பெயரைக் கொடுத்தவாறே காக்கிறது; தேடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்கிறது. உ.வே.சாமிநாதையர் பிரதிபேதங்களை அழிக்காமல் அடிக்குறிப்பில் காத்தார் என்பதால்தான் அவருடைய பதிப்புகள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. பெயரைக் காத்தலும் பெயரை ஒப்பிடுதலும் வேறுவேறு செயல்கள் என்று பிரித்தறிந்த வகையில் கர்னலின் விதி பதிப்பாசிரியரின் விதியாக இருக்கிறது. ஒப்புமை மெய்யாகவே பொருந்துவது இங்கேதான். பொருந்துவது இலக்கணத்தோடன்று, பதிப்பியலோடு.

ளை என்னும் எழுத்தும் ஸ்ரீ என்னும் எழுத்தும்

தலைப்பில் சுட்டிய முரண் இரண்டு ஊர்ப்பெயர்களிலும் ஒவ்வோர் எழுத்தில் அமைந்துள்ளது.

ராஜபாளையத்தின் ‘ளை’ 1978இன் எழுத்துச் சீர்திருத்த அரசாணையால் மாறிய வடிவங்களுள் ஒன்று. அதற்கு முன் அச்சான நூல்களில் ளகரத்தின் தலையில் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு அது காணப்படும். பெரியார் 1935 முதலே தம் ஏட்டில் கையாண்ட புதிய வடிவத்தை எம்.ஜி.ஆர். அரசு பொதுவாக்கியது. பழைய வடிவத்தைப் படித்துப் பழகாத இன்றைய மாணவர் பழைய பெயர்ப்பலகை ஒன்றின் முன் சற்றே நின்று எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். கண்ணுக்கு அவ்வளவு பெரிய மாற்றம். ஆனால் ஒருங்குறியில் இரண்டு வடிவங்களுக்கும் குறியெண் ஒன்றே. வேறுபாடு எழுத்துருவில் மட்டும். ஆகவே கர்னலுக்கு 1978 என்னும் ஆண்டே நிகழவில்லை. பழைய வடிவ எழுத்துருவில் காட்டினாலும் புதியதில் காட்டினாலும் ராஜபாளையம் அதே 30 பைட்டுகள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிலைமை நேர்மாறு. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்து கிரந்தத்தில் ஶகர மெய்யும் ரகர ஈகாரமும் சேர்ந்து பிறந்தது. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதியில் தொடக்கத்தில் ஶகரம் இல்லை. எனவே ஸகரத்தைக் கொண்டு, 3000 என்னும் குறியெண்ணில் தொடங்கி, அக்கூட்டெழுத்தை எழுதுவது வழக்கமாயிற்று. 2005இல் வந்த ஒருங்குறி 4.1 ஶகரத்தை 2998 என்னும் எண்ணில் சேர்த்தது. அன்று முதல் ஶகரத்தில் தொடங்குவதே தக்க முறை எனக் கொள்ளப்பட்டது. அதற்குள் பழைய முறையில் எழுதப்பட்டவை பெருகிவிட்டன. உள்ளீட்டு மென்பொருள்கள் சில பழைய முறையையும் சில புதிய முறையையும் பின்பற்றின. பெரும்பாலான எழுத்துருக்களில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’, ‘ஶ்ரீவில்லிபுத்தூர்’ என்னும் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். இரண்டும் 54 பைட்டுகள்தான். ஆனால் முதற்குறி வேறு.

கோதைக்குக் கிடைத்த இயல்பாக்கம் இதற்குக் கிடைக்காது. ஸகரமும் ஶகரமும் இரண்டு தனி எழுத்துகள். ஒன்று மற்றொன்றின் பிரிந்த வடிவமன்று. இருவகை எழுத்துமுறைகளையும் சமமாகக் கொள்ளுமாறு ஒருங்குறித் தரநூல் தன் விளக்கப் பகுதியில் பரிந்துரைக்கிறது. தரவு அட்டவணையிலோ அச்சமன்பாடு இல்லை. ஏற்கெனவே உள்ள குறிகளின் இயல்பாக்கத்தை ஒருபோதும் மாற்றுவதில்லை என்ற உறுதிமொழியையும் அக்கூட்டமைப்பு தந்துள்ளது. கர்னல் படிப்பது அட்டவணையை, உரையை அன்று. நூற்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு உரையை விட்டுவிட்ட படியாகக் கர்னல் அமைகிறது. உரையின்றித் தொல்காப்பியத்தைப் படிப்பவர் எத்தகைய இடர்ப்பாடுகளில் சிக்குவார் என்பதைத் தமிழாய்வாளர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மின்னாவணத் தொகுப்பு ஒன்றில் ஊர்ப்பெயரைக் கொண்டு தேடும் ஆய்வாளர்க்குச் சில கோப்புகள் கிடைக்கும், சில கிடைக்கா. கிடைக்காதவை உள்ளன என்பதற்கு எந்தக் குறிப்பும் இராது. எழுத்துப்பிழை என்றால் கண் கண்டுபிடிக்கும். ‘இராசபாளையம்’ என்று வேறு வடிவில் இருந்தால் அனுபவமுள்ளவர் அவ்வடிவையும் தேடிப் பார்ப்பார். ‘ஸ்ரீ’யின் இரண்டு வகைகளைப் பொறுத்தவரை தேட வேண்டும் என்ற எண்ணமே எழாது. ‘இந்த ஊரைப் பற்றி இத்தொகுப்பில் ஒன்றும் இல்லை’ என்ற முடிவு ஆய்வேட்டில் ஏறிவிடும். ஶகரத்தில் எழுதப்பட்ட ஸ்தலபுராணமோ ஸகரத்தில் எழுதப்பட்ட கல்வெட்டுக் குறிப்போ கண்ணெதிரே இருந்தும் இல்லாததாகிவிடும்.

இதற்குத் தீர்வாகத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தைச் சிலர் சுட்டலாம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரு குறியெண் என்ற அதன் நெறி தொல்காப்பிய எண்ணிக்கைக்கு நெருக்கமானது. அதில் ராஜபாளையம் ஆறே குறிகள். கோதைச் சிக்கலே அங்கு எழாது. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் குறிகளுக்குக் கர்னலின் அட்டவணையில் பொருளேதும் இல்லை. எழுத்தெண்ணிக்கையைச் சரிசெய்வதும் உலகப் பொதுவான அட்டவணையில் இடம்பெறுவதும் வேறுவேறு என்பதை அம்முயற்சி காட்டுகிறது.

புறனடை இல்லாத விதி

தொல்காப்பியத்தில் இயல்கள் பலவற்றின் இறுதியில் புறனடை வருவது கற்றோர் அறிந்தது. சொல்லப்பட்ட விதிக்குள் அடங்காத வழக்குகள் உளவெனின் அவற்றையும் ஏற்ற வகையில் கொள்க என்பது அதன் பொருள். நன்னூல் இன்னும் ஒரு படி மேலே சென்று, பழைய வடிவங்கள் வழக்கொழிவதையும் புதியன உள்வருவதையும் காலத்தால் நேரும் இயல்பென ஏற்று, அவற்றைக் குற்றமாகக் கொள்ளவில்லை. விதியைச் சொல்லிவிட்டு, வழக்கின் முன் விதி விலகிநிற்க இடம் வைப்பது தமிழ் இலக்கணத்தின் அடிப்படைப் பண்பு. அதனால்தான் ரகரம் மொழிமுதலாகாது என்று படித்தவர்களே ‘ராஜபாளையம்’ என்று எழுதியும் இலக்கணம் இடிந்துவிடவில்லை.

கர்னலுக்குப் புறனடை இல்லை. விதியில் இல்லாதது நிகழாது. ஆனால் விதியை மாற்றுவதில் அதற்குள்ள தயக்கம் இலக்கணத்திற்கு இல்லாதது. 2024ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று இதற்குச் சான்று. கர்னலின் ஒப்பீட்டு வசதி சில குறிகளைப் புறக்கணிக்கத்தக்கவையாகக் கொண்டு, பெயர்களை ஒப்பிடும்போது அவற்றை இல்லாதனபோல் விட்டுவிடும். வடிவமற்ற இணைப்புக் குறியும் இணைப்புத்தடைக் குறியும் அவற்றுள் அடங்கும். ‘லக்ஷ்மி’ என்னும் பெயரில் ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகச் சேராமல் தனித்து நிற்க வேண்டுமெனில் அவற்றிடையே இடப்படுவது இணைப்புத்தடைக் குறியே. ஆகவே செய்தி தமிழுக்கும் உரியது. இவ்வாறு புறக்கணிப்பது தவறு எனக் கருதி அவ்விதி அவ்வாண்டின் பிற்பகுதியில் நீக்கப்பட்டது. நீக்கியதும் புதிய சிக்கல் எழுந்தது. கோப்பகத்தில் பெயரைத் தேடும்போது கர்னல் ஒவ்வொரு பெயராகப் படித்துச் செல்வதில்லை. பெயரிலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் எண்ணைக் கொண்டு தேடுகிறது. பழைய விதிப்படி கணக்கிடப்பட்ட எண்கள் ஏற்கெனவே வட்டுகளில் எழுதப்பட்டுள்ளன. புதிய விதிப்படி கணக்கிட்டால் வேறு எண் வருகிறது. கோப்பு இருந்தும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் டோர்வால்ட்ஸ் அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். பழைய விதி தவறானதுதான் என்பதை ஒப்புக்கொண்டே அவர் அதை மீண்டும் நிலைநிறுத்தினார்.

தவறு என்று தெரிந்தும் விதி நீடிக்கிறது. காரணம் அவ்விதியின்கீழ் பெயர் பெற்றவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. நன்னூலார் காலத்தால் கழிந்துபோக விட்டதைக் கர்னல் கழிய விடுவதில்லை. இதை இலக்கணத்தின் குறையாகவோ கர்னலின் நிறைவாகவோ கொள்வது பொருந்தாது. இலக்கணவிதி மாறினால் பழைய நூல் படிக்கக் கடினமாகும்; ஆனால் ஏடு தொலையாது, உரையாசிரியர் வந்து விளக்குவார். கர்னல்விதி மாறினால் ஏடே கைக்கெட்டாமற் போகும். கட்டுப்பாட்டின் அளவு வேறாக இருப்பதற்குக் காரணம் விளைவின் அளவு வேறாக இருப்பதே. இதற்கு ஓரளவு இணையாகச் சுட்டத்தக்கது அரசு ஆவணங்களின் உலகம். 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் தமிழ்நாடு அரசாணை 2020 ஜூனில் வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மொழியியல் நோக்கில் அம்மாற்றத்தின் நோக்கம் தவறன்று. பத்திரங்களிலும் அட்டைகளிலும் பழைய எழுத்துக்கூட்டல் ஏறிவிட்ட பின்னர், பெயர் என்பது மொழிக்குரியது மட்டுமன்று, பதிவுக்கும் உரியது.

இவ்வளவும் நோக்கினால், ‘ஸ்ரீ’யின் இரண்டு வகைகளையும் சமப்படுத்தும் விதியைக் கர்னலிலேயே சேர்க்க வேண்டும் என்று கோருவது வலுவற்ற கோரிக்கை என்பது தெளிவாகும். சேர்த்தால் இன்றுள்ள பெயர்களின் எண்கள் மாறும். 2024இன் கதை திரும்பும். ‘இராசபாளையம்’, ‘ராஜபாளையம்’ ஆகியவற்றைக் கர்னல் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதோ இன்னும் பிழையானது. அவை குறியாக்க வேறுபாடுகளல்லன. எழுதுவோரின் மொழிக்கொள்கையை, சில வேளைகளில் அரசியலையும் காட்டும் வேறுபாடுகள். ஒருவர் இகரம் சேர்த்து எழுதினார், மற்றவர் சேர்க்கவில்லை என்பதே ஒரு சான்று. அதைச் சமப்படுத்துவது அச்சான்றை மறைப்பதாகும். ஸகர, ஶகர வேறுபாடோ எழுதுவோரின் விருப்பத்தைக் காட்டுவதில்லை. அவரது விசைப்பலகையைத்தான் காட்டுகிறது. எனவே அதைச் சமப்படுத்துவதால் இழப்பொன்றும் இல்லை.

சமப்படுத்தும் இடம் கர்னலுக்கு மேலே, நூற்பட்டியலும் தேடுபொறியும் இயங்கும் அடுக்கில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களின் மின்தொகுப்புகளும் கல்வெட்டு, சுவடித் தரவுத்தளங்களும் பெயரைக் கொடுத்தவாறே காத்து, தேடுபட்டியலில் மட்டும் ஶகர ஸ்ரீயையும் ஸகர ஸ்ரீயையும் ஒன்றாக்கலாம். ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றின் பிரிந்த வடிவங்களையும் இயல்பாக்கலாம். திரு, ஸ்ரீ போன்ற வழக்கு வேறுபாடுகளைச் சமப்படுத்தாமல் ‘காண்க’ என்னும் குறிப்பால் இணைக்கலாம். இதற்கு வேண்டிய நிரல் சில வரிகளே. எவற்றை ஒன்றாக்குவது, எவற்றைத் தனியே விடுவது என்று வரையறுக்கும் அட்டவணைதான் கடினமானது. அதை நிரலாளர் தாமே எழுத இயலாது. ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தையே தட்டச்சிட்ட கோப்புகள், காலின் இடத்தில் ரகரம் புகுந்த கோப்புகள், ‘ஸ்ரீ’யைப் பிரித்து எழுதிய கோப்புகள் என ஒவ்வொன்றையும் பிழையா, பேதமா என்று தீர்ப்பவர் எழுத்ததிகாரமும் சுவடியியலும் பயின்றவராக இருத்தல் வேண்டும். தமிழ்த்துறைகளின் ஆய்வேட்டுத் தொகுப்புகள் பலவற்றில் இன்று கோப்புகளுக்குப் பெயரிடுவது அவற்றைப் பதிவேற்றுபவரின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது. அவரது விசைப்பலகை ஸகரத்தைத் தருகிறதா, ஶகரத்தைத் தருகிறதா என்பது அவர்க்கே தெரியாது.